கரண்ட் போனால் யார் வீட்டுக்கு யார் போவது?

எங்கள் ஊராட்சித் தலைவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அதனால் நான் கடல் தாண்டினேன். வார்டு உறுப்பினர்களில் பாஸ்போர்ட் வைத்திருந்தது நான் ஒருத்திதான். தம்பி மஸ்கட்டில் இருந்தபோது ஆசைக்கு எடுத்தது, ஒரு முத்திரைகூட விழாமல் பெட்டிக்குள் கிடந்தது.

நாங்கள் இருப்பது நாகப்பட்டினத்துக்குத் தெற்கே. புயல் வந்தால் முதலில் மின்கம்பம் சாயும், அப்புறம்தான் மரம். போன பெரிய புயலில் வாரக்கணக்கில் இருட்டு. வாடகை ஜெனரேட்டர்காரர்கள் தெருத்தெருவாக வந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிவிட்டுக் காசு வாங்கிப் போனார்கள். என் தெருவில் செல்வராணி என்று ஒருத்தி இருக்கிறாள். அவள் பையனுக்கு மூச்சு இழுப்பு வந்தால் மருந்தைப் புகையாக்கி முகத்தில் பிடிக்கும் மெஷின் வேண்டும். அந்த நாட்களில் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு எந்த வீட்டில் ஜெனரேட்டர் சத்தம் கேட்கிறதோ அந்த வாசலில் போய் நிற்பாள். இரண்டு கரையிலும் வேலை செய்யும் ஒரு தொண்டு அமைப்பு, "இலங்கையில் கல்முனைப் பக்கத்தில் ஓர் ஊர்ச் சபை இதற்குத் திட்டம் போடுகிறது, போய்ப் பார்த்து வந்து உங்கள் கிராமசபையில் சொல்லுங்கள்" என்றது. பார்ப்பது எனக்குக் கஷ்டம் இல்லை. நாலு பேர் முன்னால் எழுந்து நின்று சொல்வதை நினைத்துத்தான் விமானத்திலேயே களைத்துப் போனேன்.

அக்கரைப்பற்றில் பிடித்த ஓட்டோ, ஒலுவில் தாண்டி நெல்வயல்களுக்கு நடுவே இருமிவிட்டு நின்றது.

"குறை நினைக்காதீங்கக்கா, பெற்றோல் முடிஞ்சிற்று" என்றார் ஓட்டுநர். ஆலையடிவேம்புக்காரர், என் வயதுதான் இருக்கும். வெறும் போத்தல் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் நடக்க, நான் வண்டிக்குள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயலில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். வணக்கம் சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அவர் அடுத்த வரப்புக்குப் போய்விட்டார்.

ஓட்டுநர் ஒருவழியாக வந்து சேர்ந்தார். போத்தலை வெயிலுக்கு நேரே தூக்கிக் காட்டினார். "தட்டுப்பாட்டு நேரத்துல இது நிறையப் பெற்றோல் வெச்சிருந்தவனுக்கு ரெண்டு வீடு சீதனம் குடுத்திருப்பாங்க அக்கா. என்ன செய்யிற, எனக்கு அதுக்கு முதலே கலியாணம் முடிஞ்சிற்று."

எரிபொருள் வரிசையில் மூன்று நாள் படுத்துக் கிடந்ததை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்கள் ஊரிலும் புயல் கதையை இப்போது இப்படித்தான் சிரித்துச் சொல்கிறோம். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியவில்லை.

நான் தங்கியது பரீதா வீட்டில். கல்முனைக்குக் கிட்ட, கடலுக்கு இரண்டு ஒழுங்கை இந்தப் பக்கம்; சந்தை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். பரீதா ஊரில் பெண்கள் சங்கம் ஒன்றை நடத்துகிறாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். வாசலிலேயே என் பையைப் பிடுங்கிக்கொண்டாள். "உள்ளுக்கு வாங்கக்கா. தேத்தண்ணி குடிங்க, மறுகா கதைப்பம்."

அந்த வீட்டுக்குள் ஒரு சத்தம் இருந்தது. மாவரைக்கும் இயந்திரம் தூரத்தில் ஓடுவது போல ஒரு முனகல், நடுநடுவே ஒரு பெருமூச்சு. முன்னறையில் பரீதாவின் கணவர் லத்தீப் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஊருக்கு அவர் லத்தீப் காக்கா, காக்கா என்றால் அங்கே அண்ணன். மூக்கில் குழாய். குழாயின் மறுமுனையில் சின்ன அலமாரி அளவில் ஒட்சிசன் மெஷின். ஆழ்கடல் படகில் முப்பது வருடம் போனவர். இப்போது நுரையீரல் ஒத்துழைக்கவில்லை.

நான் மெஷினையே பார்ப்பதைக் கண்டு, "இது என்ட ரெண்டாவது பொஞ்சாதி அக்கா" என்றார். "ராவு பகலா பக்கத்துலயே இரிக்கிறா. கரண்ட் போனாத்தான் கோவிச்சிட்டுக் கத்துவா."

"அவவுட சொல்வழி மட்டும் கேப்பாரு" என்றாள் பரீதா, இடியப்பத் தட்டை வைத்துக்கொண்டே.

இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல், பொரித்த கீரி மீன். எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும்தான். சொதியை ஊற்றிச் சாப்பிட்டபோது இத்தனை வயது வரை எதையோ தவறவிட்டது போல இருந்தது. தட்டில் வைக்க வைக்க "போதும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு எல்லாவற்றையும் தின்றேன்.

கரண்ட் போனால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். கட்டிலடியில் ஒரு சின்ன சிலிண்டரைக் காட்டினாள். ஒரு மணி நேரம் தாங்குமாம், அவர் பேசாமல் இருந்தால் இன்னும் கொஞ்சம். "எங்கக்கா பேசாம இரிக்கிற!" ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம், போயிருக்கிறார்கள். போன தடவை ஒரு ராத்திரி வராந்தாவில் கிடந்து, நெஞ்சில் வேறு சளிக்காய்ச்சலை வாங்கிக்கொண்டு வந்து, பிழைத்ததே பெரிய காரியம். அதற்கப்புறம் டாக்டரே, வீட்டுக்குக் கிட்ட ஏதாவது வழி பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்குக் கிட்ட ஜெனரேட்டர் இருந்தது ஓர் இடத்தில்தான். அடுத்த ஒழுங்கையில் உள்ள ஐஸ் பெக்டரி.

மறுநாள் கூட்டம் அதைப் பற்றித்தான். சபை மண்டபத்தில் மின்விசிறிகள் சுற்றின, ஆனால் காற்று எங்கள் பக்கம் வரவில்லை. எங்கள் ஊராட்சி அலுவலகத்திலும் இதே மாதிரி விசிறிகள்தான். திட்டத்தை வாசித்தவர் சபையின் உத்தியோகத்தர் றிஸ்வான், மெலிந்த இளைஞர். கேட்க எளிதாக இருந்தது. பெரிய மின்தடை வந்தால் ஐஸ் பெக்டரி தன் ஜெனரேட்டரைத் தரும். சபை டீசல் தரும். பக்கத்துப் பள்ளிவாசல் தன் மண்டபத்தைத் தரும். நோயாளிகளும், குளிரில் வைக்க வேண்டிய மருந்துகளும் அங்கே வரும். மீனவர் சங்கம் அந்த நேரத்தில் ஐஸ் குறைவதைப் பொறுத்துக்கொள்ளும். நாலு தரப்பும் ஒப்பம் வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

அம்பாறையிலிருந்து வந்திருந்த மின் பொறியியலாளர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். றிஸ்வான் எனக்காகத் தமிழில் சொன்னார்: "கடதாசியில் கம்பி இழுப்பது சுகம், மண்ணில் இழுத்துப் பார்த்தீர்களா என்று கேட்கிறார்." எல்லோரும் சிரித்தார்கள். 

ஐஸ் பெக்டரி முதலாளியை ஊரே ஹாஜியார் என்கிறது. வெள்ளைத் தாடி, கையில் எப்போதும் ஒரு கைக்குட்டை. "மெஷின் தாறன். அதுல ஒண்டுமில்ல. டீசல் வராட்டி நான் ஆருட கதவத் தட்டுற?" என்றார். றிஸ்வான், மாவட்டத்தின் அனுமதி வந்ததும் எழுத்தில் தருவோம் என்றார். "அனுமதி வரக்குள்ள நான் மௌத்தாயிருவன் தம்பி."

மீனவர் சங்கச் செயலாளர் நஸீர் எழுந்தார். தோள் அகன்ற மனிதர், மண்டபத்தில் ஒலிபெருக்கி தேவைப்படாத ஒரே ஆள். "ஐஸ் நிண்டா எங்கட மீன் நாறும். நாறின மீன சபை வாங்குமா? பள்ளி வாங்குமா? பொறுத்துக்கொள்ளுவாங்க எண்டு எழுதியிரிக்கீங்க. ஆரு பொறுக்கிற? நீங்களா, நாங்களா?"

 தேத்தண்ணி வந்தது. கேக் துண்டு வந்தது. அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிக்கப்போனார்கள். எனக்குக் கண் சொருகியது. இந்தக் கூட்டத்துக்கா கடல் தாண்டி வந்தேன், நம் ஊரிலேயே இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து பரீதா கையைத் தூக்கினாள். எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"இதெல்லாம் சரி. கரண்ட் போனா, ஆருட வீட்டுக்கு ஆரு முதல்ல வாற?"

றிஸ்வான் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். ஹாஜியார் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். நஸீர் விசிறியைப் பார்த்தார். கூட்டம் முடிந்தது.

திரும்பி நடந்தோம். வீட்டு வாசலுக்கு வந்ததும் பரீதா சற்று நின்று காது கொடுத்தாள். உள்ளே மெஷின் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் செருப்பைக் கழற்றினாள். தினமும் இப்படித்தான் நிற்பாள் என்று பிறகு கவனித்தேன்.

மூன்றாம் நாள் ஹாஜியார் வீட்டில் பகல் சாப்பாடு. அவர் மகள் மக்காவுக்கு உம்றா யாத்திரை போய் வந்திருந்தாள். நேற்று கூட்டத்தில் முறைத்துக்கொண்டவர்கள் எல்லோரும் இன்று சாப்பாட்டுக்கு வருவார்களா என்று கேட்டேன். பரீதா என்னை விநோதமாகப் பார்த்தாள். "சாப்பாட்டுக்கு வரச் செல்லாம உட்டாத்தான் அக்கா சண்டை."

லத்தீப்புக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்துவிட்டுப் போனோம்.

அவர்கள் சஹனில் சாப்பிடுகிறார்கள். பெரிய வட்டத் தட்டம். அதில் சோறு மலைபோல, நடுவில் இறைச்சி. சுற்றி ஆறு பேர் தரையில் உட்கார்ந்து ஒரே தட்டத்தில் கை வைக்க வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கல்யாணப் பந்தியில்கூட ஓரத்து இலை தேடுகிறவள் நான். ஒரு பெண் சத்தம் போட்டாள்: "இந்தச் சஹனுக்கு மாடு வேணாங்கா, கோழி வைங்க, இந்தியா அக்கா இரிக்கிறா." எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பாயைப் பார்த்தேன்.

ஆனால் உட்கார்ந்த பிறகு தெரிந்தது, அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆறு பேரும் சேரும் வரை யாரும் தொடுவதில்லை. அவரவர் முன்னால் உள்ள சோற்றில்தான் கை போகும். நடுவில் உள்ள கோழியை ஒருத்தி பிய்த்து மற்ற ஐந்து பேர் பக்கமும் தள்ளிவிட்டு மிச்சத்தைத் தனக்கு எடுத்துக்கொள்கிறாள். என் பக்கம் குறைந்ததும், நான் கேட்காமலே, எதிரில் இருந்தவள் தன் சோற்றில் ஒரு கரையை உடைத்து இந்தப் பக்கம் சரித்தாள். ஒருத்தி மெதுவாகச் சாப்பிட்டால் மற்றவர்களும் கையை மெதுவாக்கிக்கொள்கிறார்கள். முதலில் எழுந்து போவது அழகில்லையாம்.

பாதிச் சோற்றில் விசிறி நின்றது.

"கரண்ட் பெய்த்து" என்றார் யாரோ. எங்கோ ஒரு குழந்தை அழுதது. பரீதா கையில் சோற்று உருண்டையோடு அப்படியே இருந்தாள். சில நிமிட வெட்டா, பெரியதா என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ சொன்னது கேட்டது: "பெரிய லைன் உழுந்திரிக்காம். அம்பாறையும் இல்லியாம்."

பரீதா உருண்டையைத் தட்டத்தில் போட்டுவிட்டு எழுந்தாள்.

அவள் எழுந்ததும் எங்கள் சஹனில் இருந்த மற்ற நாலு பெண்களும் கையை எடுத்துவிட்டு எழுந்தார்கள்.  நானும் எழுந்தேன். கையைக்கூடக் கழுவவில்லை. கோழியைப் பிய்த்துப் பகிர்ந்தவள் ஆண்கள் பக்கத்தை மறைத்த திரைக்கு முன்னால் நின்று கத்தினாள்: "ஹாஜியார்! பெக்டரி மெஷினப் போடச் செல்லுங்க! லத்தீப் காக்காவக் கொண்டு வாறம்!"

 திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஹாஜியாரின் குரல்: "போய்ப் போடுங்கடா மெஷின! டீசல் கதைய மறுகா பாப்பம்!"

ஒப்பம் வைக்க வேண்டிய நாலு தரப்பும் அங்கேதான் சோற்றுக் கையோடு இருந்தன. பள்ளிவாசல் மண்டபத்தின் சாவி, பாங்கு சொல்லும் மோதினாரின் சட்டைப் பையில் இருந்தது, மோதினாரும் சஹனில் இருந்தார். அவர் ஓடினார். அதற்கப்புறம்தான் தெரிந்தது, பெக்டரியிலிருந்து மண்டபத்துக்கு வயர் இல்லை. டீசலைப் பற்றி, ஒப்பத்தைப் பற்றி, மீனைப் பற்றி இத்தனை கூட்டம் பேசியவர்கள் ஒரு வயர் வாங்கி வைக்கவில்லை. றிஸ்வான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பொறியியலாளர் கேட்டது இதைத்தான் என்று எனக்கு அப்போது உறைத்தது.

"அப்ப பெக்டரிக்குள்ளயே கொண்டு போங்க!" என்றார் ஹாஜியார்.

வீட்டிலிருந்து லத்தீப்பை நாற்காலியோடு தூக்கிப் போய் ஓட்டோவில் ஏற்றினார்கள். சிலிண்டரைப் பரீதா மடியில் வைத்துக்கொண்டாள். மெஷினை நானும் இன்னொருத்தியும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஒழுங்கை வழியே நடந்தோம். அவளுடைய கையிலும் கோழிக் குழம்பு, என் கையிலும் கோழிக் குழம்பு. மெஷின் வழுக்கியது.

ஐஸ் பெக்டரிக்குள் மார்கழி மாதம்போல் இருந்தது. ஈரச் சிமெந்து, உப்பும் மீனும் கலந்த வாடை. லத்தீப்பைக் கணக்குப்பிள்ளை உட்காரும் மூலையில் இருத்தி, சாக்கால் போர்த்தினார்கள். மெஷினைச் சுவரில் செருகினோம். முனகல் தொடங்கியது. பரீதா, தீரும் நிலையில் இருந்த சிலிண்டரைக் கீழே வைத்தாள்.

அப்போது ஐஸ் உறைய வைக்கும் பெரிய கொம்பிரசர் திடுதிடுவென்று கிளம்பியது. விளக்கு மங்கியது. ஒட்சிசன் மெஷின் கீச்சென்று கத்தி அணைந்தது. மறுபடி போட்டோம். கொஞ்ச நேரம் ஓடியது. கொம்பிரசர் நின்று மறுபடி கிளம்பியது. மறுபடி கீச். லத்தீப்பின் உதடு கறுத்துவந்தது. இப்போது அவர் வேடிக்கை பேசவில்லை.

ஜெனரேட்டர் பார்ப்பவர் ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் நஸீரைப் பார்த்தார். பின்னேரம் நஸீரின் ஆட்களுடைய படகுகள் கரைக்கு வர இருந்தன. புது ஐஸ் இல்லாமல் அந்த மீன் கொழும்புக்குப் போகாது. வாசலில் நின்ற படகுக்காரர் ஒருவர், "நஸீர், கதச்சிப் பாரு. கொஞ்ச நேரம் இத, கொஞ்ச நேரம் அத ஓட்டலாம்" என்றார்.

"மூச்சையும் கொஞ்ச நேரம் கொஞ்ச நேரமா உடலாமா?" என்றார் நஸீர். பிறகு அந்த உரத்த குரல் இறங்கியது. "நிப்பாட்டுங்க கொம்பிரசர."

நிறுத்தினார்கள். திடுதிடுப்பு அடங்கியது. வெளியே ஓடும் ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே சின்ன மெஷினின் முனகல் கேட்டது. வாசலில் நின்ற படகுக்காரர் ஒரு மீன் கூடையை எட்டி உதைத்துவிட்டுப் போனார். அவரைக் குற்றம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

உதட்டில் நிறம் வந்ததும் லத்தீப் கையால் நஸீரைக் கூப்பிட்டார். "படகுல வாற மீன் பாரையா, சூரையா தம்பி?"

"பாரைதான் காக்கா. உங்கட மூச்சுக்கு இண்டைக்கி பாரை வெல."

"என்ட மூச்சுக்கு மலிஞ்ச சூரையே காணும். நட்டப்பட்டிருக்கீங்க."

நஸீர் சிரித்தார். கண்ணையும் துடைத்தார். குளிர்தான் காரணம் என்பது போல மூக்கையும் துடைத்துக்கொண்டார்.

படகுகள் வந்தன. மீனைக் கரையிலேயே குவித்து விற்றார்கள். எங்கள் சஹன்காரிகள் வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டி வந்தார்கள். வாங்கியவர்கள் உண்டு, எட்டிப் பார்த்துவிட்டு விலை இன்னும் இறங்கட்டும் என்று நின்றவர்களும் உண்டு. மிச்சம் இருந்ததைக் கீறி உப்புப் போட்டார்கள். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால் கரண்ட் வந்தது. லத்தீப்பை மறுபடி நாற்காலியோடு தூக்கினோம்.

வீட்டுக்கு வந்ததும் நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டேன். அன்று பார்த்ததையெல்லாம் சொல்லி, இந்த ஊருக்கு ஒப்பந்தமே வேண்டாம் போல இருக்கிறதே, ஒரு நிமிடத்தில் எல்லாரும் ஓடி வந்துவிட்டார்களே என்றேன். மூன்று நாளில் நான் பேசிய பெரிய பேச்சு அதுதான்.

லத்தீப் கண்ணை மூடியபடியே சொன்னார். "கரண்ட் போற அண்டெல்லாம் ஹாஜியார் ஊட்ட சாப்பாடு இரிக்குமா அக்கா?"

 பரீதா அவருடைய காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

புறப்படும் நாள் காலையில் நஸீர் வந்தார். உள்ளே வராமல் வாசல் படலையிலேயே நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது. ராத்திரி முழுவதும் படகுக்காரர்களிடம் ஏச்சு வாங்கியிருக்கிறார். பரீதாவை அக்கா முறையில் ராத்தா என்பார்.

"ராத்தா, அந்தத் திட்டத்துல ஒரு வசனம் சேக்கச் செல்லுங்க. ஐஸ் நிண்ட நாள்ல வாற மீன ஊரு வாங்கணும். சபை அதுக்குப் பொறுப்பு நிக்கணும். அப்பதான் நான் ஒப்பம் வைப்பன்."

"எழுதாட்டியும் வாங்குவம் தானே தம்பி. நேத்து வாங்கினம் தானே."

"நேத்து வாங்கின ஆக்கள் நாளைக்கி வாங்குவாங்களா? நீங்க எழுதுங்க. அதோட வயரையும் எழுதுங்க. கொம்பிரசர் நிப்பாட்டுறது ஆரு எண்டும் எழுதுங்க. நேத்து என்னயப் பாத்தாங்க எல்லாரும். நான் அங்க இல்லாட்டி ஆரப் பாத்திரிப்பாங்க?"

 "ஓம், அது சரி" என்றாள் பரீதா. "உள்ளுக்கு வாங்க, தேத்தண்ணி ஊத்துறன்." அவர் வரவில்லை. கையில் வைத்திருந்த பையை என்னிடம் நீட்டினார். கீறிக் காய வைக்கத் தொடங்கியிருந்த பாரைக் கருவாடு. விமானத்தில் கொண்டு போக முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை, வாங்கிக்கொண்டேன். பிறகு பரீதா வீட்டு அடுப்படியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஊருக்கு வந்து சில வாரம் கழித்துப் பரீதா கைபேசியில் குரல் செய்தி அனுப்பினாள். வயர் இழுத்தாச்சாம். ஹாஜியார் ஒப்பம் வைத்துவிட்டார், நஸீரும் வைத்துவிட்டார், பள்ளிவாசலும் வைத்துவிட்டது. சபைக்கு மாவட்டத்திலிருந்து இன்னும் அனுமதி வரவில்லை. "வருமாம், பாப்பம்" என்றாள். அவள் பேச்சுக்குப் பின்னால் அந்த முனகலும் பெருமூச்சும் கேட்டுக்கொண்டே இருந்தன. இரண்டாம் தடவை போட்டபோது நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

மறுவாரம் எங்கள் கிராமசபை. தலைவருக்கு முதுகு சரியாகிவிட்டிருந்தது. என்னைப் பார்த்து, "இலங்கை போய் வந்ததைச் சுருக்கமாகச் சொல்லுங்கம்மா" என்றார். எழுந்தேன். தயார் செய்திருந்ததெல்லாம் மறந்து போனது. முன்வரிசையில் செல்வராணி பையனை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மழைக்காலம் தொடங்க அதிக நாள் இல்லை.

"அடுத்த புயலில் கரண்டு போனா," என்றேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "கரண்டு போனா, செல்வராணி வீட்டுக்கு யாரு மொதல்ல போறது?"

 தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரிம்மா, குறிச்சுக்கிட்டோம், உட்காருங்க" என்றார்.

 நான் உட்காரவில்லை.